அம்மியா, பிளெண்டரா? மசாலையின் மணம் போகும் வழி

“அம்மியில் அரைத்தால்தான் மணம், பிளெண்டரில் அரைத்தால் சத்தெல்லாம் போய்விடும்” என்ற பேச்சு நம் வீடுகளில் அடிக்கடி எழுவதுண்டு. பெரியவர்கள் சொன்னதால் அப்படியே நம்புவோர் ஒரு பக்கம். பழங்கதை என்று சிரித்து ஒதுக்குவோர் மறுபக்கம். இரு தரப்பினரும் காரணத்தை ஆராய்வதில்லை. நாம் சற்று ஆராய்ந்து பார்ப்போமே!

மசாலைப் பொருள்களில் உள்ள பயன்தரும் கூறுகள் இருவகைப்படும். முதல் வகை, எளிதில் ஆவியாகும் எண்ணெய்கள். சீரகம், மல்லி, ஏலம், கிராம்பு ஆகியவற்றின் மணம் இவற்றிலிருந்தே வருகிறது. இரண்டாம் வகை, எளிதில் ஆவியாகாதவை. மிளகின் பைப்பரின், மிளகாயின் கேப்சைசின், மஞ்சளின் குர்க்குமின் ஆகியன இதில் அடங்கும். அரைக்கும்போது பெரிதும் பாதிக்கப்படுவது முதல் வகைதான். எனவே, “சத்தெல்லாம்” போய்விடும் என்பது மிகை.

இந்த எண்ணெய்களுக்கு எதிரிகள் மூன்று. முதலாவது, வெப்பம். வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் உராய்வு அதிகம். உராய்வு வெப்பத்தை உண்டாக்கும். குளிரூட்டும் வசதி இல்லாத ஆலைகளில் தூளின் வெப்பநிலை 90 பாகை செல்சியஸைத் தொடுவதும் உண்டு. மசாலை மில் இருக்கும் தெருவில் நுழைந்தாலே கமகமவென்று மணக்கிறதல்லவா? அந்த மணம் நம் தூளைவிட்டு வெளியேறிய எண்ணெய்தான்! இதைத் தடுக்கவே சில தொழிற்சாலைகளில், சுழியத்துக்குக் கீழ் 196 பாகையில் கொதிக்கும் திரவ நைட்ரஜனைக் கொண்டு பொருளைக் குளிர்வித்து அரைக்கிறார்கள்.

இரண்டாவது, காற்று. ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே ஒரு மில்லிமீட்டர் கனசதுரங்களாக வெட்டினால் 1,000 துண்டுகள் கிடைக்கும். மொத்த மேற்பரப்போ 60 சதுர சென்டிமீட்டர். தூள் எவ்வளவு நைசாக இருக்கிறதோ, அவ்வளவு இடம் காற்றுக்குத் திறந்துவிடப்படுகிறது. மூன்றாவது எதிரி காலம். முழு மிளகு மாதக்கணக்கில் காக்கும் மணத்தை மிளகுத்தூள் விரைவில் இழந்துவிடும்.

“எப்படியும் அடுப்பில் கொதிக்கத்தானே போகிறது?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால், தாளிக்கும்போது இந்த எண்ணெய்களில் ஒரு பகுதி சமையல் எண்ணெயில் கரைந்து குழம்பிலேயே தங்கிவிடுகிறது. மில்லில் போனது போனதுதான்.

அரைப்பதால் இழப்பு மட்டுமே என்றும் எண்ணிவிட வேண்டாம். முழுப் பூண்டில் அல்லிசின் கிடையாது. அல்லீன் என்ற பொருளும் அல்லினேஸ் என்ற நொதியும் அதில் தனித்தனியே இருக்கின்றன. நசுக்கும்போது இரண்டும் கலந்து, கிருமிகளை எதிர்க்கும் அல்லிசின் உருவாகிறது. நசுக்கியவுடன் அடுப்பில் போட்டால் நொதி செயலிழந்துவிடும். ஒரு பத்து நிமிடம் விட்டுவைப்பது நல்லது.

அப்படியானால் அம்மியின் இரகசியம் என்ன? கல்லில் மாயம் எதுவும் இல்லை. கையின் மெதுவான வேகம், தெளித்துத் தெளித்து அரைக்கும் தண்ணீர் ஆகியவற்றால் சூடு ஏறுவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அன்றைய குழம்புக்கு அன்றே அரைத்தார்கள். அந்த வகையில் பார்த்தால், பல மாதங்களுக்கு முன் அரைத்த பாக்கெட் தூளைவிட, சற்று முன் பிளெண்டரில் அரைத்த மசாலையே அம்மிக்கு நெருங்கிய உறவு!

வாடகை வீட்டில் சமைக்கும் மாணவர்களுக்கும் இது கைகூடும். மல்லி, சீரகம், மிளகை முழுதாகவே வாங்குங்கள். தேவையான அளவு மட்டும், விட்டு விட்டு, சிறிது தண்ணீர் சேர்த்து அரையுங்கள். தூளாக அரைத்தால் ஆறியபின் காற்றுப் புகாத போத்தலில் அடைத்து, வெளிச்சம் படாமல் வையுங்கள். மஞ்சளின் குர்க்குமினுக்கு வெளிச்சமும் பகை.

அடுக்குமாடி வீட்டுக்கு அம்மியைத் தூக்கிச் செல்ல எல்லாராலும் முடியாது. அம்மி பழக்கிய முறையை மட்டுமாவது உடன் கொண்டுபோகலாம், நண்பர்களே.