ஜாஸ் மேடையில் ஒரு கன்னடக் குடும்பத்துப் பிள்ளை

கார்த்திகைத் தீபத் திருவிழாவில் அண்ணாமலையார் மாடவீதி வலம் வரும்போது முன்னே ஒலிக்கும் நாகசுவரத்தைக் கேட்டு வளர்ந்த திருவண்ணாமலைக்காரர்களுக்குச் சாக்ஸபோன் முற்றிலும் அந்நியமான கருவியன்று. இரண்டும் மேலே குறுகிக் கீழே அகலும் குழல்கள்; இரண்டிலும் நாணல் தட்டையின் அதிர்வே ஒலியாகிறது. அடால்ஃப் சாக்ஸ் என்ற பெல்ஜியக்காரர் 1846இல் பாரிசில் காப்புரிமை பெற்ற சாக்ஸபோனில் தட்டை ஒன்று. நாகசுவரத்தின் சீவாளியிலோ இரண்டு. வேறுபாடு விரலில்தான் இருக்கிறது. நாகசுவரத்தின் துளையை விரலால் பாதி மூடி ஸ்வரத்தை இழைத்துக் கொண்டுபோகலாம். சாக்ஸபோனில் விசையோடு கூடிய மூடிகளே துளைகளை அடைப்பதால், ஸ்வரத்தை அசைத்து அடுத்ததோடு இணைக்கும் கமகத்தைப் பெரும்பாலும் உதட்டழுத்தத்தாலும் மூச்சாலுமே வரவழைக்க வேண்டும்.

அதைச் சாதித்துக் காட்டியவர், தட்சிண கன்னடத்தில் நாகசுவரக் கலைஞரின் மகனாகப் பிறந்து, மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவில் சாக்ஸபோனைக் கேட்டு மனத்தைப் பறிகொடுத்து, பின்னர்ச் சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் பயின்ற கத்ரி கோபால்நாத் (1949–2019). தமிழர் பலர் அவரை அறிந்தது 1994இல் வெளிவந்த ‘டூயட்’ படத்தின் மூலம்.

அவருடைய இசையால் திசை மாறியவர்களுள் ஒருவர், 1971இல் பிறந்து அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் வளர்ந்த சாக்ஸபோன் கலைஞர் ருத்ரேஷ் மகாந்தப்பா. கன்னடக் குடும்பத்தைச் சேர்ந்த இயற்பியல் பேராசிரியரின் மகனான இவர் பற்றிக்கொண்டது ஜாஸ் இசையை. குறிப்பாகச் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரின் வேகமும் கற்பனையும் நிறைந்த வாசிப்பை. ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் உருவாக்கிய ஜாஸ், மேடையிலேயே கற்பனை செய்து வாசிப்பதற்கு முதலிடம் தருவதால் நம் கர்நாடக இசையின் மனோதர்மத்துக்கு நெருங்கியது. ஆயினும் மனோதர்மம் ஒரு ராகத்துக்குள்ளேயே உலவ, ஜாஸ் கலைஞரோ பெரும்பாலும் அடுத்தடுத்து மாறும் ஸ்வரக் கூட்டுகளின்மேல் பயணம் செய்கிறார்.

பாஸ்டன் நகரின் பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்தபோது, சகோதரர் வேடிக்கையாகக் கொடுத்த கோபால்நாத்தின் இசைத்தொகுப்பு மகாந்தப்பாவைத் திகைக்க வைத்தது. இந்தியப் பெயர் இருப்பதாலேயே இந்திய இசை தெரிந்திருக்கும் என்று பிறர் எதிர்பார்த்த நிலையில், அவர் அவசரப்பட்டு எதையும் ஒட்டவைக்கவில்லை என்பது பாராட்டத்தக்கது. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயருடன் பல ஆண்டுகள் இணைந்து வாசித்த பிறகே, 2008இல் கோபால்நாத்துடன் ‘கின்ஸ்மென்’ தொகுப்பை வெளியிட்டார். ஏ. கன்யாகுமரியின் வயலினும் பூவலூர் ஸ்ரீஜியின் மிருதங்கமும் அதில் வெறும் அலங்காரமாக நில்லாமல், கிதார், டிரம்ஸ் ஆகியவற்றோடு சரிக்குச் சரி உரையாடுகின்றன; கலப்பிசை என்ற பெயரில் வருபவற்றுள் இத்தகைய நேர்மை அரிது.

2016இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜாஸ் பிரிவு இயக்குநராகப் பொறுப்பேற்று, மாணவர் குழுக்களை வழிநடத்தும் ஆசிரியராகவும் விளங்கிய மகாந்தப்பாவின் இசையைக் கேட்கத் தொடங்குவோர், கர்நாடக இசைக்குப் பழகிய காதுடையவராயின், ‘கின்ஸ்மென்’ தொகுப்பையே முதலில் கேட்கலாம்.