சின்ன அரம்தானேன்னு நினைக்காதீங்க! பத்தர்களின் கூலியைக் காப்பாற்றும் ஊசி அரம்: பார்த்து வாங்குவது எப்படி?

கோவை,

கோவை ராஜவீதி, பெரியகடை வீதி, இடையர் வீதி, செல்வபுரம் பக்கம் சந்துகளில் நடந்து போனால் "கிர்... கிர்..." என்று ஒரு சத்தம் காதில் விழும். பட்டறைகளில் பத்தர்கள் நகையை ராவும் சத்தம் அது. அந்தச் சத்தம் வரும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தங்கம் பொடியாகக் கீழே விழுகிறது.

பட்டறை வேலையில் தங்கத்தைக் கொடுக்கும்போதும் எடை, நகையைத் திருப்பி வாங்கும்போதும் எடை. அனுமதித்த சேதாரத்துக்கு மேல் குறைந்தால் அது தொழிலாளி தலையில்தான் விழும். நாளைக்கு வெறும் 10 மில்லிகிராம் போகுது என்று வையுங்கள். வருஷத்துக்கு 300 நாள் வேலை பார்த்தால் 3 கிராம். கால் பவுனுக்கும் மேலே! இதில் பாதிச் சங்கதி கையில் பிடிக்கிற சின்ன அரத்தைப் பொறுத்தது.

புதுசா தொழிலுக்கு வரும் பையன்கள் "எல்லாம் ஒரே அரம்தானே" என்று மலிவாகக் கிடைக்கும் செட்டை வாங்கிவிடுகிறார்கள். எதைப் பார்த்து வாங்கணும்? இதோ விவரம்.

பாக்கெட்டில் உள்ள நம்பர்

டூல்ஸ் கடையில் 'நீடில் ஃபைல்' என்று கேட்டால் ஊசி அரம் தருவார்கள். 6, 10, 12 என்று செட்டாகவும் கிடைக்கும். பாக்கெட்டில் 3x140, 4x160, 5x180 என்று போட்டிருக்கும். முதல் எண் கனம், இரண்டாவது எண் காம்போடு சேர்ந்த மொத்த நீளம். இரண்டும் மில்லிமீட்டர் கணக்கு. மூக்குத்தி, கம்மல் மாதிரி பொடி வேலைக்கு 140. வளையல், மோதிரத்துக்கு 160 அல்லது 180 கைக்கு வாகாக இருக்கும்.

அடுத்து 'கட்' நம்பர். பல் எவ்வளவு நெருக்கம் என்பதைச் சொல்வது இதுதான். சுவிட்சர்லாந்து முறையில் 0 என்றால் முரடு, 2 நடுத்தரம், 4 நைஸ், 6 ரொம்ப நைஸ். நம்பர் ஏற ஏற பல் நெருங்கும். ஒரே நம்பர் போட்ட அரமாக இருந்தாலும் நீளம் குறைந்ததில் பல் இன்னும் நெருக்கமாக இருக்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பொடி வைத்து ஊதிய இடத்தில் மேடு தட்டினால் 2-ம் நம்பர். மெருகுக்கு முன்னால் கடைசியாக 4-ம் நம்பர். முதன்முதலில் வாங்குகிறவர்களுக்கு இந்த ரெண்டும் போதும். 0-வில் ராவிவிட்டு நேராக மெருகுக்குக் கொண்டுபோனால் கோடு கோடாகத் தெரியும். அந்தக் கோட்டை எடுக்க பஃப் மெஷினில் ரொம்ப நேரம் பிடிக்கணும். அதில் தேயும் தங்கம் பஃப் தூசியோடு கலந்துவிடும். திருப்பி எடுப்பது அரப்பொடியை எடுப்பது போல லேசு இல்லை.

எந்த இடத்துக்கு எந்த அரம்?

மோதிரத்தின் உள்பக்கத்துக்கு அரைவட்ட அரம். ஓட்டையைப் பெரிசாக்க உருட்டு அரம், அதாவது எலிவால். செங்கோண மூலைக்குச் சதுர அரம். அதைவிடக் குறுகின மூலைக்கு முக்கோண அரம். இடுக்குக்குள் நுழையக் கத்தி அரம்.

கல் பதித்த நகை என்றால் 'பேரட்' என்ற அரத்தைக் கேட்டு வாங்குங்கள். இதில் தட்டையான ஒரு பக்கம் மட்டும்தான் பல் இருக்கும். மற்ற பக்கம் வழுவழு என்று இருப்பதால் கல்லைப் பிடித்திருக்கும் கம்பியை ராவும்போது பக்கத்தில் உள்ள தங்கத்தைக் கடிக்காது.

வைரத்தூள் ஒட்டிய அரம் இப்போது மலிவாகக் கிடைக்கிறது என்று தங்கத்துக்கு அதை வாங்காதீர்கள். கடினமான எஃகு, கல், கண்ணாடிக்குத்தான் அது. தங்கம், செம்பு போன்ற மெத்தென்ற உலோகத்தில் போட்டால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

கடையிலேயே சோதனை

அரத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வளைவு இருந்தால் வேண்டாம். வெளிச்சத்தில் திருப்பினால் பல் நுனி வெள்ளையாக மின்னக் கூடாது. மின்னினால் மழுங்கிய அரம். முனை வரைக்கும் பல் வெட்டியிருக்கிறதா, துரு இருக்கிறதா என்று பாருங்கள். சட்டைப் பையில் ஒரு பித்தளைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். லேசாகத் தேய்த்தால் கடிக்கணும். வழுக்கினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

ஈயம் பட்டால் போச்சு!

இதுதான் ரொம்ப முக்கியம். தங்கத்துக்கு வைத்த அரத்தை வேறு எதற்கும் தொடக் கூடாது. ஈயம் வைத்துப் பற்றிய பாத்திரத்தையோ ஒயரையோ அதே அரத்தால் ராவினால் ஈயத்தூள் பல்லில் ஒட்டிக்கொள்ளும். பிறகு தங்கத்தில் ஏறும். கொஞ்சம் ஈயம் கலந்தாலே தங்கம் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். தட்டும்போதும் கம்பி இழுக்கும்போதும் வெடிப்பு விடும். தப்பு எங்கே நடந்தது என்றுகூடத் தெரியாது. காம்பில் ஆளுக்கொரு கலர் பெயின்ட் அடித்து வையுங்கள்: தங்கத்துக்கு ஒன்று, வெள்ளிக்கு ஒன்று, மற்றதுக்கு ஒன்று. அரப்பொடியை உருக்கும் முன் ஒரு காந்தத்தை அதன் மேல் ஓட்டினால் இரும்புத்தூள் வந்துவிடும்.

தங்க நகைக்கு ஹால்மார்க் கட்டாயம் என்பது 2021 ஜூன் 23 முதல் படிப்படியாக அமலுக்கு வந்தது. 6 இலக்க அடையாள எண் இல்லாமல் நகை விற்கக் கூடாது என்பது 2023 ஏப்ரல் 1 முதல் வந்தது. எனவே முத்திரை போட்டு வந்த நகையில் அந்த இடத்தில் அரம் வைக்காதீர்கள். எண் அழிந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

கை பத்திரம், அரமும் பத்திரம்

அரம் முன்னால் தள்ளும்போதுதான் அறுக்கும். பின்னால் இழுக்கும்போது லேசாகத் தூக்குங்கள். அழுத்தி இழுத்தால் பல்தான் போகும். நெம்புவதற்கு எடுக்காதீர்கள். அரம் கெட்டியானது, ஆனால் வளையாது, பட்டென்று ஒடியும். கூரான காம்பு உள்ள அரத்துக்குக் கைப்பிடி கட்டாயம். சறுக்கினால் உள்ளங்கையில் ஏறிவிடும். பொடியை வாயால் ஊதாதீர்கள். கண்ணுக்கும் கேடு, தங்கமும் போகும். பிரஷ்ஷால் தள்ளி எடுங்கள்.

பல்லில் சாக்பீஸ் தேய்த்துவிட்டால் பொடி அடைக்காது. அடைத்தால் பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் பல் போகும் திசையிலேயே தேய்க்கலாம். எண்ணெய் போட்டால் வழுக்கும். எல்லா அரத்தையும் ஒரே டப்பாவில் குலுங்கவிட்டால் ஒன்றோடு ஒன்று உரசி மழுங்கும். துணிப்பையில் தனித்தனியாகச் செருகி வையுங்கள்.

அரத்தால் ராவிய பொன் தேய்வதை 888-வது குறளிலேயே வள்ளுவர் உவமையாகச் சொல்லியிருக்கிறார். ராவினால் தங்கம் தேயத்தான் செய்யும். தேவைக்கு மேல் தேயாமல் பார்த்துக்கொள்வதுதான் பத்தரின் சாமர்த்தியம். சரியான அரம் கையில் இருந்தால் அந்தச் சாமர்த்தியம் கூலியாக வீட்டுக்கு வரும்!