பலாக்கொட்டையை ஏன் நெல்லைப் போலச் சேமிக்க முடியாது?

காரைக்கால் விவசாயி விதைநெல்லைக் காயவைத்து மூட்டை கட்டினால் அடுத்த பட்டத்துக்கு முளைக்கும். பலாக்கொட்டையை அப்படிக் காயவைத்துப் பாருங்கள், செத்துப்போகும். ஏன்? நெல் முற்றும்போதே ஈரத்தை இழக்கப் பழகிவிடுகிறது. அதன் உள்ளிருக்கும் சர்க்கரைகள், பாகு இறுகி மிட்டாயாவதுபோல் கெட்டிப்பட்டு, உயிரணுவின் பாகங்களைச் சிதையாமல் பிடித்துக்கொள்கின்றன. பலாக்கொட்டைக்கும் மாங்கொட்டைக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. சரி, ஈரத்தோடே உறையவைத்தால்? பனிப்படிகங்கள் உயிரணுச் சவ்வைக் கிழித்துவிடும்.

ஆகவே, உலர்ந்த விதைகளை உறையவைத்துக் காக்க நார்வேயில் 2008இல் திறந்த ஸ்வால்பார்ட் விதைக் கிடங்கு இவற்றுக்கு உதவாது. மரமாக நின்றால்தான் பிழைக்கும். காரைக்காலையும் ஆண்ட பிரெஞ்சு நிர்வாகம் புதுச்சேரியில் 1826இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா போன்ற இடங்களுக்கு உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது. நாலு மரம் நின்றால் ஓர் இனம் தப்பிவிடுமா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. தப்பாது, ஒரு தாய் மரத்தின் பிள்ளைகள் எல்லாம் ஒரே நோய்க்குப் பலியாகலாம். கருவை மட்டும் பிரித்துத் திரவ நைட்ரஜனில் வைக்கும் வழியும் உண்டு, ஆனால் ஒவ்வோர் இனத்துக்கும் தனிப் பக்குவம் தேட வேண்டும். அதுவரை பூங்காக்கள் வெவ்வேறு காடுகளின் கன்றுகளை, எங்கிருந்து வந்தவை என்ற குறிப்போடு வளர்த்து, தங்களுக்குள் பரிமாறிக்கொள்வதே நடக்கக்கூடிய காரியம்.