பூவுக்குக் கடன் ஆகாது



என்னிடம் படித்த மாணவி ஒருத்தி, கணவரை இழந்தபின், எங்கள் ஆலயத்தருகே பூக்கடை வைக்க யோசனை கேட்டு வந்தாள். கணக்கு வாத்தியார் அல்லவா, கணக்கைத்தான் சொன்னேன்.

பூ, அரிசி பருப்பைப்போல் காத்திருக்கும் சரக்கன்று. தமிழ்நாட்டிலிருந்து விமானத்தில் வரும் மல்லிகை மொட்டாக இருக்கும்வரைதான் விலைபோகும். கேமரன் மலைச் செவ்வந்தி சில நாள் தாங்கும். ஆகவே அன்றாட விற்பனைக்குச் செவ்வந்தி. வெள்ளிக்கிழமைக்கும் விசேஷ நாள்களுக்கும் அளவோடு மல்லிகை. "மாலைக்கு முன்பணம் வாங்காமல் நாரைத் தொடாதே அம்மா" என்றும் சொன்னேன். நகராண்மைக் கழக உரிமம் பெற்றுக் கடை திறந்தாள்.

அந்த முன்பணப் பாடத்தை மீறியவர்கள் நாங்களே! தைப்பூச மாலைகளுக்கு ஆலயம் தரவேண்டிய தொகை, நிர்வாகக் கூட்டம், கையெழுத்து என்று இரண்டு மாதம் இழுத்தது. அவளோ மொத்த வியாபாரிக்கு அன்றன்றே பணம் கட்டவேண்டும். காதுத் தோட்டை அடகு வைத்தாள் என்பதைப் பிறர் சொல்லித்தான் அறிந்தேன். விசாரித்தபோது, "கோயிலிடம் எப்படி சார் காசு கேட்கிறது?" என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை.

இப்போது உபயப் பணத்தில் பூவுக்குரியதைத் தனியே எடுத்துவைத்து, மாலை வந்த அன்றே கொடுத்துவிடுகிறோம். உபயகாரர்கள் பூச்செலவை ஒரு வாரம் முன்னதாக அலுவலகத்தில் செலுத்திவிடும்படி அன்புடன் வேண்டுகிறேன்.