ஸ்தூலக் கலை

இன்னதென்று உருவம் புலப்படாத எந்தச் சித்திரத்தையும் அரூப ஓவியம் என்று சொல்லிவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆயினும், தோற்றத்தில் ஒத்திருந்தும் பிறப்பில் வேறுபட்ட இருவகைப் படைப்புகள் அந்த ஒரே பெயரில் அடங்கிக் கிடக்கின்றன என்பதை அறிந்துகொண்டால், நவீன ஓவியத்தின் முன் நின்று தயங்கும் ரசிகருக்குப் பாதி சிரமம் நீங்கிவிடும்.

இவ்விரு வகைக்கும் உதாரணத்தை டச்சு ஓவியர் தியோ வான் டூஸ்பர்க் ஒருவரிடமே காணலாம். 1918-ஆம் ஆண்டையொட்டி அவர் ஒரு பசுவைப் பலமுறை பென்சிலால் வரைந்து, அதன் வளைவுகளைப் படிப்படியாகக் கோணங்களாகவும் கட்டங்களாகவும் ஒடுக்கி, முடிவில் வர்ணச் சதுரங்களும் நீள்சதுரங்களும் மட்டுமே எஞ்சிய ஓர் ஓவியத்தைத் தீட்டினார். இது பிரகிருதியில் உள்ள ஒரு வஸ்துவிலிருந்து சாரத்தைப் பிரித்தெடுத்த சித்திரம். பசுவின் ரூபம் மறைந்தாலும், படத்துக்கு ஆதாரம் பசுவே. ஆனால் 1930-இல் அவர் முடித்த ‘எண்கணித அமைப்பு’ என்னும் ஓவியத்தில், சாய்ந்து நிற்கும் கருஞ்சதுரங்கள், ஒவ்வொன்றும் முன்னதில் பாதியளவாகக் குறுகி, மூலைவிட்டத்தில் வரிசையாக இறங்குகின்றன. இதற்கு மூலமாக வெளியுலகில் எந்தப் பொருளும் இல்லை. மனத்தில் வகுத்த விதி ஒன்றே அதன் பிறப்பிடம்.

இந்த இரண்டாம் வகைக்கு அரூபம் என்ற பெயர் பொருந்தாது என்று வாதித்த வான் டூஸ்பர்க், அதே 1930-இல் பாரிஸில் நண்பர்கள் நால்வருடன் வெளியிட்ட ஒரு சஞ்சிகையில் ‘ஸ்தூலக் கலை’ என்ற பெயரைப் பிரகடனம் செய்தார். கோடும் வர்ணமும் தளமும் கண்முன் பிரத்தியட்சமாக இருக்கின்றன. அவை தம்மையன்றி வேறொன்றையும் குறிப்பதில்லை. ஆகையால் அவற்றால் மட்டுமே அமைந்த ஓவியத்தைக் காட்டிலும் ஸ்தூலமானது எது என்பதே அவருடைய தர்க்கம். மறு ஆண்டே அவர் காலமானார். ஆனால் பெயர் நிலைத்தது. 1938-இல் ருஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கியும் தம் கலையை அப்பெயராலேயே குறிக்க விரும்பி எழுதினார்; 1944-இல் சுவிஸ் கலைஞர் மாக்ஸ் பில் பாசல் நகரில் ஸ்தூலக் கலைக்கென்றே சர்வதேசக் கண்காட்சி ஒன்றைக் கூட்டினார். 1951-இல் அவருடைய சிற்பம் சாவோ பாவ்லோவில் பரிசு பெற்றதும், பிரேசில் நாட்டு இளங்கலைஞர்களிடையே இக்கொள்கை வேகமாகப் பரவியது. கணிதத்தின் ஆதிக்கம் மிகுந்து உயிரோட்டம் குன்றுகிறதென்று கருதிய சிலர், 1959-இல் ரியோ நகரில் ‘நவ ஸ்தூலக் கலை’ என்று தனிக்கிளை கண்டனர்.

பெயர்களின் இந்தப் பேதம் பண்டிதர்களுக்கு மட்டும் உரிய விவகாரம் அன்று. பசுவின் சித்திரத்தை நோக்கி ‘இது எதிலிருந்து வந்தது?’ என்று கேட்பது நியாயம். கருஞ்சதுரங்களை நோக்கி அதே கேள்வியைக் கேட்டால் பதில் கிடையாது, அங்கே ‘இது எவ்வாறு அமைந்தது?’ என்றே கேட்க வேண்டும். ஓவியத்துக்கு ஏற்ற கேள்வியைத் தேர்ந்துகொள்ளும் ரசிகருக்கு, நவீனக் கலை புரியவில்லை என்ற குறை பெரும்பாலும் நேராது.