பட்டியல் மட்டும் குழந்தையைக் காக்காது

பாலியல் குற்றவாளிகளுக்கான தேசியத் தரவுத்தளம் 2018 செப்டம்பரில் நம் நாட்டில் தொடங்கப்பட்டது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பராமரிக்கும் அதனைக் காவல்துறை போன்ற அமைப்புகளே பார்க்க இயலும். புலன்விசாரணைக்கு அது உதவும். ஆயினும், பெற்றோர் அதனை நம்பி நிம்மதி கொள்ள இயலாது.

தண்டனை பெற்றவரின் பெயரே அதில் ஏறும். புகாராகாத குற்றம் ஏறாது. மேலும், போக்சோ சட்டத்தின்கீழ்ப் பதிவாகும் வன்புணர்வு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்படுபவர் குழந்தைக்கு அறிமுகமானவரே என்று அக்காப்பகத்தின் ஆண்டறிக்கைகள் காட்டுகின்றன. உறவினர் அல்லது அண்டை வீட்டார் என்னும்போது குடும்பத்தினர் புகாரளிக்கத் தயங்குகின்றனர். அப்பெயர் எப்பட்டியலிலும் சேராமலே போகிறது.

ஆகவே, காவல் வீட்டிலேயே தொடங்க வேண்டும். உடலுறுப்புகளின் பெயர்களைக் கூச்சமின்றிக் கற்பியுங்கள். குழந்தை திடீரென ஒருவரைக் கண்டு அஞ்சினாலோ, விட்டுப்போன படுக்கை நனைத்தல் திரும்பினாலோ, சிறுநீர் கழிக்கையில் வலி என்றாலோ, வேறு காரணங்களும் இருக்கக்கூடும். எனினும் அன்புடன் கேளுங்கள். சொன்னால் நம்புங்கள், திரும்பத் திரும்பக் கேட்டுத் துன்புறுத்தாதீர்கள்.

அண்மையில் நிகழ்ந்ததாயின், குளிப்பாட்டாமலும் உடைகளைத் துவைக்காமலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். முதல் தகவல் அறிக்கை இல்லாமலே அவசர சிகிச்சை அளிப்போம். சிறுமியரைப் பெண் மருத்துவரே பரிசோதிப்பார், பெற்றோர் உடனிருக்கலாம். காவல்துறைக்குத் தெரிவிப்பது எங்கள் சட்டக் கடமை. குழந்தைகள் உதவி எண் 1098 எந்நேரமும் இயங்குகிறது. குடும்ப மானம் கருதி மௌனம் காத்தால், அதனால் காக்கப்படுபவர் குற்றவாளியே.