சுவிட்சைத் தட்டினால் வெளிச்சம்... அப்புறம் என்ன?

ஜூலை வந்தால் நெய்வேலியில் புத்தகத் திருவிழா. கல்லூரிப் பிள்ளைகள் ஸ்டால் ஸ்டாலாக நுழைந்து “‘1984’ இருக்கா?” என்று கேட்கிறார்கள். இருண்ட எதிர்காலக் கதைகளுக்கு, அதாவது டிஸ்டோபியாவுக்கு, மவுசு குறையவில்லை.

தமிழுக்கு இது புதுச் சரக்கில்லை. எண்பதுகளிலேயே ஆனந்த விகடனில் சுஜாதா ‘என் இனிய இயந்திரா’ எழுதிவிட்டார். எல்லோருக்கும் இரண்டெழுத்துப் பெயர். பிள்ளை பெற்றுக்கொள்ள அரசாங்க அனுமதி. நாட்டை ஆள்பவர் ஜீவா; திரும்பிய பக்கமெல்லாம் ‘ஜீவா வாழ்க’. கடைசியில் பார்த்தால் ஜீவா என்று ஓர் ஆளே கிடையாது. ஹோலோகிராம் பிம்பம்! நமக்கு ஜீனோ என்கிற இயந்திர நாய் ஞாபகமிருக்கிறது. வாழ்க போட்ட கூட்டம் மறந்துபோயிற்று. என்னைக் கேட்டால் அந்தக் கூட்டம்தான் கதாநாயகன். இல்லாத ஒருவனுக்கு அத்தனை பேர் அடங்கிக் கிடந்தது பயத்தால் மட்டுமல்ல, சௌகரியத்தாலும்தான்.

ஆர்வெல் 1949-ல் ‘1984’ நாவலில் பயத்தை எழுதினார். அவருக்கு முன்பே, 1932-ல், ஹக்ஸ்லி தன் நாவலில் சுகத்தை எழுதிவிட்டார். மனம் வாடினால் ‘சோமா’ மாத்திரை, கேள்வியே எழாது. நமக்குப் பொருந்துவது ஹக்ஸ்லியின் கதைதான்.

சந்தேகமிருந்தால் நெய்வேலி டவுன்ஷிப்பைச் சுற்றி வாருங்கள். எண் போட்ட வட்டங்கள், நேர்கோட்டுச் சாலைகள், இருபுறமும் நிழல் மரங்கள், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. குடியிருக்க இதைவிட நல்ல ஊர் கடலூர் மாவட்டத்தில் உண்டா என்று கேட்பார்கள், நியாயமான கேள்விதான். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் கதை வேறு.

1930-களில் இங்கே ஜம்புலிங்க முதலியார் என்பவர் தன் நிலத்தில் தண்ணீருக்காகத் தோண்டப் போய்த்தான் கறுப்பாக ஏதோ வந்தது. பழுப்பு நிலக்கரி. 1962-ல் அதை எரித்து மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். தண்ணீர் தேடிய இடத்தில் நிலக்கரி கிடைத்தது. நிலக்கரியை எடுக்கத் தண்ணீரை வெளியேற்ற வேண்டியிருந்தது. நிலக்கரிப் படுகைக்கு அடியில் ஆர்ட்டீசியன் ஊற்று அழுத்தத்தோடு நிற்கிறது. அதை அப்படியே விட்டால் சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு மேலே வரும். அதனால் ராப்பகலாக பம்ப் ஓடுகிறது. அனல்மின் நிலையத்துக்கும் தண்ணீர் வேண்டும். சென்னைக்குத் தாகம் எடுத்த வருஷங்களில் இந்தப் பக்கத்து நிலத்தடி நீர் அங்கேயும் குழாய் வழியாகப் போயிருக்கிறது.

சுரங்கத்தை ஒட்டிய கிராமத்து விவசாயி ஒருவர் போர்வெல் பக்கத்தில் நின்று சொன்னார்: “இன்னும் ரெண்டு லெங்த்து பைப்பு எறக்கியாச்சு சார். மோட்டாரப் போட்டா மொதல்ல காத்து வருது, அப்புறம்தான் தண்ணி.” கையிலிருந்த துணியால் ஸ்டார்ட்டர் பெட்டியைத் துடைத்துவிட்டு, அடுத்து எத்தனை அடி போகணுமோ என்றார். அவர் டிஸ்டோபியா நாவல் எதுவும் படித்ததில்லை.

2023 ஜூலையில் சுரங்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலுக்குள் இயந்திரங்கள் இறங்கின. அந்த வீடியோ தமிழ்நாடு முழுக்க செல்போனில் ஓடியது. கொதித்தோம், ஸ்டேட்டஸ் வைத்தோம், நாலு குரூப்புக்கு அனுப்பினோம். பிறகு போனை சார்ஜில் போட்டோம். அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் யோசிக்கவில்லை. நம்ம ஊர் சோமா இதுதான்: பார்த்தாச்சு, அனுப்பியாச்சு, கடமை முடிந்தது.

மின்சாரம் வேண்டாமா, ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்ட சுரங்கமாச்சே என்பார்கள். உண்மைதான். ஆனால் தண்ணீர்க் கணக்கைக் கேட்பதற்கு அது தடையில்லையே?

டிஸ்டோபியா கதைகளில் எனக்குள்ள குறை இதுதான். அவை நமக்கு ஒரு வில்லனைக் கொடுத்துவிடுகின்றன. அவனைத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். நிலத்தடி நீர் இறங்குவதற்கு வில்லன் வேண்டாம்; யாரும் கேட்காமல் இருந்தாலே போதும்.

ரேஷன் கடைப் பலகையில் சரக்கு இருப்பு எழுதுவதுபோல, ஒவ்வொரு ஊராட்சி அலுவலக வாசலிலும் நிலத்தடி நீர்மட்டத்தை மாதாமாதம் எழுதி வைக்கட்டும். புத்தகத் திருவிழாவுக்கு வரும் பிள்ளைகள் அந்தப் பலகையின் முன் நின்று, போன மாதத்தைவிட ஏன் இறங்கியது என்று கேட்கட்டும். அப்படி ஒரு கேள்வி வந்தால், ‘1984’ வாங்கிய காசு வீணில்லை.